எதைக் கைவிட்டு வரைந்தார்கள்?

தமிழ்ப் புத்தகங்களோடு கொஞ்ச காலம் பழகிய யாருக்கும் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் கை தெரிந்திருக்கும். பெயர் தெரியாமல் இருக்கலாம். சிற்றிதழ்களின் தலைப்பு எழுத்துகள், நூல் அட்டைகள், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே வந்த படங்கள் என்று அந்தக் கோடு நம் வாசிப்புக்குள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. ஆயர் தாவாரில் இருந்துகொண்டு பழைய புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கும் எனக்கும் அவர் அப்படித்தான் அறிமுகம்.

ஆனால் அதே ஆதிமூலம் பிற்காலத்தில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பெரிய படங்களைக் காட்டினால் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அங்கே காந்தி இல்லை, கரிசல் சம்சாரி இல்லை. அடுக்கடுக்கான வண்ணப் பரப்புகள் மட்டும். இவ்வளவு நன்றாக வரையத் தெரிந்த மனுஷன் ஏன் இப்படிப் போனார்?

இது நியாயமான கேள்வி. இதைக் கேட்பவர்களைப் பாமரர் என்று தள்ளிவிட்டுத்தான் நவீன ஓவியம் பற்றிய நம் பேச்சுகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. ஒருமுறை அப்பாவைக் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். இளமைக் காலம் முழுக்கத் தோட்டத்தில் கழித்தவர். ஒரு படத்தின் முன்னால் நின்று, “என்னாடா இது, ஒன்னுமே வெளங்கல. இதுக்கா மூனு மணி நேரம் காடி ஓட்டிட்டு வந்தோம்?” என்றார். கொஞ்சம் தள்ளி, லத்தீப் மொஹிடினின் படம் ஒன்றின் முன்னால் நின்றவர், நான் கேட்காமலேயே சொன்னார்: “இது மட்டும் மூங்கில் குருத்து மாதிரி இருக்கு.”

இரண்டு படங்களிலும் ‘உருவம்’ இல்லை. ஒன்று அவரை வெளியே நிறுத்தியது, இன்னொன்று உள்ளே விட்டது. ஏன்? ஓவியர்கள் அரூபத்துக்கு வந்து சேர்ந்த வழிகளைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. யாரும் அங்கே ஒரே தாவலாகக் குதித்துவிடவில்லை. கையில் ஏற்கனவே இருந்த ஒன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். கடைசியில் மிஞ்சியதைத்தான் நாம் அவர்களுடைய பாணி என்கிறோம்.

அரூபம் என்பதே மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று ஒரு வாதம் உண்டு. எங்கள் தாமானில் மார்கழி வந்தால் அம்மா போடும் புள்ளிக் கோலத்தில் என்ன உருவம் இருக்கிறது? புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோடு அது. ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று யாரும் அம்மாவைக் கேட்டதில்லை. கோலத்துக்கு ஊரறிந்த ஓர் இலக்கணம் இருக்கிறது, அதனால் அர்த்தம் தேவைப்படவில்லை. ஒரு வரிசை தப்பினால் பக்கத்து வீட்டு அத்தை வந்து சரிசெய்துவிட்டுப் போவார்.

ஆக, அரூபம் நமக்குப் புதிதல்ல. ஒரு தனிமனிதர் தனக்கென்று ஓர் அரூபத்தை உண்டாக்கிக்கொள்வதுதான் புதிது. அங்கே ஊர் இலக்கணம் கிடையாது. தப்பினால் திருத்த அத்தையும் கிடையாது. இருபதாம் நூற்றாண்டு ஓவியர்களின் சிக்கல் அதுதான்.

டச்சு ஓவியர் பியெட் மொந்திரியானின் மரங்கள் இதற்கு நல்ல உதாரணம். 1908-ஐ ஒட்டி அவர் தீட்டத் தொடங்கிய சிவப்பு மரம் பார்த்தவுடன் மரம்தான். 1911-இன் சாம்பல் மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகிவிடுகின்றன. 1912-இல் தீட்டிய பூத்த ஆப்பிள் மரத்தில், தலைப்பைப் படிக்காவிட்டால் மரமே இல்லை. பிறகு பத்தாண்டுக்குள் வளைவும் போய், செங்குத்தும் கிடையுமான கறுப்புக் கோடுகளும் மூன்று அடிப்படை வண்ணங்களும் மட்டும் நிற்கின்றன. ரப்பர் மரங்களை நிரை நிரையாகப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மரம் கட்டமாக மாறுவது ஒன்றும் அதிசயமில்லை. காட்டை அழித்து வெள்ளைக்காரன் போட்ட கட்டம் அது. மொந்திரியான் யாருடைய கட்டளையும் இல்லாமல், தானே ஒவ்வொன்றாகக் கைவிட்டு அங்கே வந்தார்.

இனி சென்னைக்கு வருவோம். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக 1929 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. தசை, நரம்பு, பாரம் எல்லாம் அப்படியே தெரியும் யதார்த்தம். அவரிடம் பயின்று அதே பள்ளியில் ஆசிரியரான கே.சி.எஸ். பணிக்கர் 1957-இல் முதல்வர் பொறுப்புக்கு வந்தார். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்தவர். நீர்வண்ணத்தில் கேரளத்தின் கால்வாய்களையும் வயல்களையும் தீட்டி ஏற்கனவே பெயர் வாங்கியிருந்தார். 1954-இல் ஐரோப்பா போய்வந்தார். பாரிஸைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. பாரிஸ் மாதிரியே வரையலாம், அல்லது அஜந்தாவுக்கே திரும்பிப் போகலாம். பணிக்கருக்கு இரண்டும் போதவில்லை.

1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைதான் அவர் கண்ட வழி. கணக்கு நோட்டுப் புத்தகத்தின் பக்கம் போன்ற பரப்பு. அதில் சூத்திரங்கள், எண்கள், கோண வரைபடங்கள். பிறகு மலையாள எழுத்தை ஒத்த வரிகள், ஜாதகக் கட்டங்கள், சிறு பறவைகள், மீன்கள். நெருங்கிப் போய்ப் படிக்கலாம் என்று பார்த்தால் படிக்க முடியாது. எழுத்தின் உடம்பு இருக்கும், சொல் இருக்காது.

ஒரு பொறியாளனாக இந்தப் படங்கள் என்னை விசேஷமாகத் தொந்தரவு செய்கின்றன. முதலாண்டில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே கோடு என்பது ஒப்பந்தம் என்பதுதான். தொடர்ந்து போகும் அழுத்தமான கோடு கண்ணுக்குத் தெரியும் விளிம்பு. விட்டு விட்டுப் போனால் மறைந்த விளிம்பு. நீளக் கோடும் குட்டைக் கோடும் மாறி மாறி வந்தால் மைய அச்சு. ஈப்போவில் வரைந்ததை ஜப்பானில் இருப்பவர் அப்படியே புரிந்துகொள்ள வேண்டும். பணிக்கர் அந்த ஒப்பந்தத்தைத்தான் கைவிட்டார். சூத்திரம் இருக்கிறது, விடை கிடையாது. ஜாதகம் இருக்கிறது, ஜாதகர் கிடையாது. அர்த்தத்தை எடுத்துவிட்டால் குறிகளுக்கென்று ஒரு தாளம் இருப்பது தெரியவருகிறது. மொழி தெரியாத கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது மாதிரி. ஆயர் தாவார் கடைகளின் சீன எழுத்துகளை நான் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பார்த்து வருகிறேன். ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பலகை நன்றாக எழுதப்பட்டது, எது அவசரத்தில் எழுதப்பட்டது என்று சொல்லிவிடுவேன்.

அந்த வரிசையைத் தொடங்கியபோது பணிக்கருக்கு வயது 52. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எஸ்.எச். ரசா தன் அடையாளமாகிப்போன ‘பிந்து’வுக்கு வந்து சேர்ந்தபோது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் பாரிஸில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலக்காட்சிகள் தீட்டியிருந்தார். வரையத் தெரியாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அரூபம் என்று சொல்பவர்கள் இந்த வயதுக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஆதிமூலமும் தாமதமாக வந்தவர்தான். 1938-இல் துறையூர் பக்கம் கீராம்பூரில் பிறந்து, 1960களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தார். அவரும் முதலில் பிடித்துக்கொண்டது கோட்டைத்தான். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். பிறகு மகாராஜாக்கள்: கிரீடமும் நகையும் உடையும் மெல்லிய கோடுகளாகப் பின்னிப் பின்னி, ஆள் உள்ளுக்குள் உளுத்துப்போய் நிற்பார். அந்த ராஜாக்களை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். பின்னல் அதிகமாக அதிகமாக, ஆள் குறைந்துகொண்டே போகிறார். ‘ஸ்பேஸ்’ என்று அவர் பெயரிட்ட கறுப்பு வெள்ளைப் படங்களில் ஆள் முழுக்கவே காணாமல் போய், பின்னல் மட்டும் வெளியில் மிதக்கிறது.

அடுத்த கட்டம்தான் கடினமானது. நாற்பது வயதை ஒட்டி, தன்னைப் பிரபலமாக்கிய கோட்டையும் அவர் வண்ணப் படங்களிலிருந்து விலக்கினார். தடித்த எண்ணெய் வண்ணம் பரப்பு பரப்பாக ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. ஓரங்களில் கீழே இருக்கும் பழைய வண்ணம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. வானமா, வெடித்த நிலமா, நீரா என்று திட்டமாகச் சொல்ல முடியாது; ஆனால் ஏதோ ஒரு நிலம் என்று உடம்புக்குத் தெரிகிறது. 2008-இல் இறக்கும்வரை பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் கோடு, தனக்கு வண்ணம் என்று இரண்டு கைகளோடு வாழ்ந்தார். கோட்டோவியங்களில் நாம் மயங்குவது அவருடைய திறமையில். அந்தத் திறமை போதாது என்று அவருக்கே தோன்றிய இடத்தில் வண்ணப் படங்கள் தொடங்குகின்றன.

இந்தப் பக்கக் கரையிலும் அதே காலத்தில் அதே தேடல் நடந்துகொண்டிருந்தது. 1957-இல் சுதந்திரம், 1958-இல் தேசியக் கலைக்கூடம். மூவாரில் பிறந்து இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய சையத் அகமட் ஜமால் 1961-இல் ‘துலிசான்’ என்று ஒரு படம் தீட்டினார். எழுத்து என்று பொருள். ஜாவி எழுத்தின் வளைவுகளை நினைவூட்டும் தூரிகை வீச்சுகள். பணிக்கரின் வரிசைக்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது. வங்காள விரிகுடாவின் இரண்டு கரைகளிலும், காலனி ஆட்சியிலிருந்து வெளியே வந்த இரண்டு ஓவியர்கள், தங்கள் எழுத்தையே வாசிக்க முடியாததாக்கித்தான் புதிய ஓவியத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். இதை நான் தற்செயலாக மட்டும் பார்க்கவில்லை. ஐரோப்பாவில் கற்றுக்கொண்டு வந்த கைக்கு, ஐரோப்பா தராத ஒரு பொருள் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் பழகிய எழுத்து அதற்குப் பக்கத்திலேயே கிடைத்தது.

அப்பா நின்று பார்த்த லத்தீப் மொஹிடின் நான் சொன்ன வயதுக் கணக்கை உடைப்பவர். 1941-இல் நெகிரி செம்பிலானில் பிறந்தவர், கவிஞரும்கூட. பெர்லினில் படித்துவிட்டு 1964-இல் திரும்பினார். தென்கிழக்காசியாவில் அலைந்து திரிந்தபடி, இருபதுகளிலேயே ‘பாகோ-பாகோ’ வரிசையைத் தீட்டினார். கோயில் கோபுரத்தின் கூர்மையும் மூங்கில் குருத்தின் கூர்மையும் ஒரே உருவத்தில் கலந்த படங்கள். கட்டடமா தாவரமா என்று பிரிக்க முடியாது. பாரிஸின் பொம்பிடு மையம் 2018-இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அப்பாவுக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. குருத்து தெரியும். லத்தீப் இலையையும் தண்டையும் கைவிட்டாலும், மண்ணைக் கிழித்துக்கொண்டு மேலே வரும் அந்த உந்துதலை விடவில்லை. அப்பாவைப் பிடித்து நிறுத்தியது அதுதான். பாகோ-பாகோவில் பெயர் வாங்கிய லத்தீப் அங்கேயே தங்கவும் இல்லை. சில ஆண்டுகளில் அதையும் விட்டுவிட்டு வேறு வரிசைகளுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் அரூபத்தில்தான் முடிய வேண்டும் என்றும் இல்லை. இராமநாதபுரம் அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுடின், 1960களின் கடைசியில் சென்னை ஓவியக் கல்லூரிக்கே போய்ப் படித்தார். அரூபத்தின் காற்று பலமாக வீசிய இடம் அது. அவர் திரும்பி வந்து ராமாயணக் காட்சிகளையும் காதலர்களையும் தீட்டினார். உருவத்தை விடவில்லை. அதுவும் ஒரு சொந்தப் பாணிதான்.

இவ்வளவு தாமதத்தை ஒருவர் எப்படித் தாங்க முடியும்? வயிறு இருக்கிறதே. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். பாத்தேக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். நம் ஊர்ப்பக்கத்துக் கைத்தொழில் அந்தக் கிராமத்துக்கு மண் வாங்கிக் கொடுத்திருக்கிறது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். ஆதிமூலமோ நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். துணியும் சம்பளமும் கொடுத்த பாதுகாப்பில்தான், வாங்க ஆள் இல்லாத படங்களை இவர்களால் வரைய முடிந்தது.

ஆதிமூலத்துக்கு இன்னொரு துணையும் இருந்தது. எழுத்தாளர்கள். ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்கள் அவருக்கு ஒரு பக்கம் கொடுத்தன. கதைக்கு விளக்கப்படம் கேட்கவில்லை. கோட்டைக் கோடாகவே அச்சிட்டார்கள். பணம் பெரிதாகக் கிடைத்திருக்காது. ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை கிடைத்திருக்கும்.

மலேசியத் தமிழர்களான நாம் இங்கேதான் யோசிக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வெளியே வந்த தலைமுறை பிள்ளைகளைப் பொறியாளராக்கத்தான் ஆசைப்பட்டது. அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்த ஆசையின் பலனைத்தான் நான் சாப்பிடுகிறேன். ஆனால் நம் நூல்களின் அட்டைகளையும் இதழ்களின் பக்கங்களையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இணையத்திலிருந்து இறக்கிய படங்கள். கவிதையில் புரியாத வரியைப் பொறுத்துக்கொள்ளும் நாம், படத்தில் மட்டும் உடனே புரிவதைக் கேட்கிறோம். பந்திங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு பையன் வேலை முடிந்து வந்து, கோடுகளைப் பின்னிப் பின்னி ராஜாவைக் காணாமல் ஆக்கிக்கொண்டிருக்கலாம். அவனுக்கு இன்னும் இருபது வருடம் தேவைப்படும். அதற்கு முன்னால் அவனுக்குத் தேவை ஒரு பக்கம். அடுத்த புத்தகத்துக்கு அட்டை தேடும்போது, கூகுளைத் திறப்பதற்கு முன்னால் அவனைத் தேடிப் பார்க்கலாம்.