இலவசக் கல்விக்குக் காசு கட்டியவர்கள்

இலங்கையில் முதலாம் வகுப்பிலிருந்து பட்டம் பெறும்வரை பதினேழு வருடம் படித்தேன். கல்விக் கட்டணமாக ஒரு ரூபாயும் கட்டவில்லை. முதுகலைக்காக வெளிநாடு வந்து, முதல் தவணைக் கட்டணத்தைப் பார்த்து மலைத்து நின்றபோதுதான், அந்தப் பதினேழு வருடத்துக்கும் யார் காசு கட்டினார்கள் என்ற கேள்வி எழுந்தது.

1945க்கு முன் தாய்மொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. உத்தியோகத்துக்கு வழிவிட்ட ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு அரசாங்க நன்கொடையும் கிடைத்தது. அன்றைய அரச வருமானத்தில் பெரும்பங்கு சுங்கத் தீர்வை. வருமான வரி வந்ததே 1932இல்தான். ஆகவே கடையில் இறக்குமதிச் சாமான் வாங்கிய ஏழையும், தன் பிள்ளை நுழைய முடியாத வகுப்பறைக்குப் பங்களித்தார்.

இதை மாற்றப் புறப்பட்டவர் முதல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பு தொடங்கிப் பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசமானது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கெட்டிக்காரப் பிள்ளைகளை அங்கே சேர்த்தது. கமக்காரர் வீட்டிலிருந்து மருத்துவரும் பொறியியலாளரும் வந்தார்கள். எங்களில் பலருடைய குடும்பக் கதை இதுதான்.

ஆனால் கட்டணம் ஒழிந்ததால் மட்டும் பாடசாலை எல்லோருக்கும் இலவசமாகிவிடாது. பிள்ளையின் உழைப்பையும் நம்பி வாழும் வீட்டுக்கு, அந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். நீண்ட காலம் படிக்கக்கூடியவருக்கே பொதுப்பணத்தில் பெரிய பங்கு கிடைக்கிறது. அதிலும் பல்கலைக்கழகம்வரை போனவருக்கு ஆகப் பெரிய பங்கு.

கணக்கின் அடுத்த பக்கத்தில் மலையகம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் தேயிலை ஏற்றுமதித் தீர்வை அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்று. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்களின் பிள்ளைகளோ தோட்ட நிர்வாகங்கள் நடத்திய சிறு பாடசாலைகளில், பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. வாக்கில்லாதவருக்காகப் பாடசாலை கேட்க யார் இருந்தார்கள்? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அந்தப் பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்தன. கன்னங்கராவின் சீர்திருத்தம் லயங்களுக்குப் போய்ச்சேர முப்பது வருடம் பிடித்தது.

இலவசக் கல்வியைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் இதை எழுத நானும் இல்லை. ஆனால் நாங்கள் அந்தப் படிப்போடு விமானம் ஏறினோம். இன்று எங்கள் வருமான வரி வேறு நாடுகளின் பாடசாலைகளுக்குப் போகிறது.

“அப்பா, நீங்கள் ஸ்கொலர்ஷிப்பிலா படித்தீர்கள்?” என்று மகள் கேட்டாள். ஓம் என்றேன். யார் கொடுத்தது என்று கேட்டாள். அன்றுதான் அவளிடம் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி முதன்முதலாகப் பேசினேன்.