செங்கோல் போன அறை: சிங்கப்பூரில் உள்ளாட்சி கூடிய இடங்கள்

சிராங்கூன் சாலையின் தென்முனையில் தேக்கா நிலையத்தருகே நின்று பாடாங் திடலை நோக்கி நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தச் சாலையின் சாக்கடை, தெருவிளக்கு, மாட்டுக்கொட்டகை, சந்தை ஆகியவற்றைப் பற்றிய முடிவுகள் நெடுங்காலம் பாடாங் பக்கத்துக் கட்டடங்களில்தான் எடுக்கப்பட்டன. முடிவெடுத்தவர்கள் அந்தச் சாலை ஓடும் லிட்டில் இந்தியாவில் கூடியதில்லை. பெயரை மட்டும் விட்டுச் சென்றார்கள். முனிசிபல் ஆணையத்தின் தலைவராக 1919 முதல் 1931 வரை இருந்த ரோலண்ட் ஃபேரரின் பெயர்தான் இன்று ஃபேரர் பார்க் ரயில் நிலையப் பலகையில் தமிழிலும் நிற்கிறது. உள்ளாட்சி எங்கே கூடியது என்ற கேள்வியோடு, அங்கே எந்த மொழி பேசப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் இந்த வரலாறு பிடிபடும்.

முதல் இடம் டவுன் ஹால். 1855இல் அடிக்கல் நாட்டி 1862இல் முடித்த அந்தக் கட்டடம் இரட்டை வேலை பார்த்தது: நகர நிர்வாக அலுவலகமும் அதிலேயே, நாடக அரங்கும் அதிலேயே. 1856ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரி கட்டியவர்களுக்கு முனிசிபல் ஆணையர்களில் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்திருந்தது. சொத்துள்ளவனுக்குத்தான் வாக்கு. சாலை போட்ட தென்னிந்தியக் கூலித் தொழிலாளிக்கு அந்த மண்டபத்தில் வேலை இருந்திருக்கலாம், குரல் இருந்ததில்லை. 1890களில் அலுவலகங்கள் பின்லேசன் கிரீனுக்கு இடம்பெயர்ந்தன. டவுன் ஹால் பிற்பாடு முழு அரங்கமாகிவிட்டது. பக்கத்திலேயே 1905இல் விக்டோரியா நினைவு மண்டபம் எழுந்தது. 1913இல் வந்த சட்டம் இருந்த கொஞ்சத் தேர்தலையும் எடுத்துவிட்டு, ஆணையர்கள் எல்லாரையும் ஆளுநரே நியமிக்கலாம் என்றது. அதன்பின் சுமார் 35 ஆண்டுகளுக்கு நகர நிர்வாகத்தில் வாக்காளர் என்ற ஆளே இல்லை.

நியமன காலத்தில்தான் ஆகப் பெரிய கட்டடம் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1929இல் திறக்கப்பட்ட முனிசிபல் கட்டடம், கொரிந்தியத் தூண்களை வரிசையாக நிறுத்திப் பாடாங்கைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் படிக்கட்டு, உள்ளே நடந்த முனிசிபல் கூட்டங்களைவிட அதிக வரலாற்றைப் பார்த்தது. அதன் எதிரே பாடாங்கில் 1943 ஜூலை 5 அன்று நேதாஜி இந்திய தேசிய ராணுவ அணிவகுப்பைப் பார்வையிட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டது இதே கட்டடத்தின் மன்ற அறையில்.

போருக்குப் பிறகு வாக்கு திரும்பி வந்தது. 1949 ஏப்ரல் 2இல் நடந்த முனிசிபல் தேர்தலில் 27 இடங்களில் 18 வாக்காளர் கைக்கு வந்தன. 1951 செப்டம்பரில் மன்னர் ஜார்ஜின் சாசனத்தால் சிங்கப்பூர் நகரத் தகுதி பெற்றது. கட்டடமும் நகர மண்டபம் என்று பெயர் மாறியது. அந்தத் தகுதியின் நினைவாக, திரையரங்கத் தொழிலதிபர் லோக் வான் தோ நகர மன்றத்துக்குத் தங்கச் செங்கோல் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். கூட்டத்தின் மொழி மட்டும் ஆங்கிலமாகவே இருந்தது. அறைக்குப் போட்ட உண்மையான பூட்டு கதவில் இல்லை, மொழியில்தான் இருந்தது என்பது என் முடிவு.

அந்தப் பூட்டைத் திறந்தது 1957 டிசம்பர் 21 தேர்தல். 32 இடங்களும் முதல்முறையாகத் தேர்தலுக்கு விடப்பட்டன. மக்கள் செயல் கட்சி 13 இடங்களைப் பிடித்தது. ஓங் எங் குவான் மேயரானார். மன்றத்தில் ஆங்கிலத்தோடு மலாய், மாண்டரின், தமிழ் மூன்றிலும் பேச வழி பிறந்தது. முதல் கூட்டத்திலேயே அவர் செங்கோலைக் காலனியச் சின்னம் என்று ஒதுக்கிவிட்டார். பொதுமக்கள் திரண்டு வந்தார்கள். ஓங்கின் ஆட்சிமுறை பற்றிய விமர்சனங்கள் தனிக்கதை, அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் பாடாங் ஓரத்துக் கட்டடத்துக்குள் வரப் பழகாத மக்கள் உள்ளே வந்தது அப்போதுதான்.

அது நீடிக்கவில்லை. 1959இல் சுயாட்சி வந்தது, நகர மன்றம் கலைக்கப்பட்டது, அதன் வேலைகள் அரசாங்கத்திடம் போயின. சின்னத் தீவுக்கு இரண்டு அரசுகள் எதற்கு என்ற வாதத்தை மறுப்பது கடினம். என்றாலும் காலக்கணக்கைப் பாருங்கள்: தமிழ் நுழைந்து ஒன்றரை ஆண்டுக்குள் அது நுழைந்த மன்றமே இல்லாமல் போயிற்று. தமிழ் பின்னர் நாடாளுமன்றத்துக்குப் போனது. சாக்கடையும் தெருவிளக்கும் பேசும் சபை மட்டும் போய்விட்டது.

அதன் இடத்தை நிரப்பியது, அதற்கு முன்பே தொடங்கியிருந்த வேறொரு வடிவம். 1955இல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலுக்கு ஆளுநர் சரியான அலுவலகம் தரவில்லை. மரத்தடியில் மேசை போட்டுவிடுவேன் என்று அவர் மிரட்டிய பிறகு, எம்பிரஸ் பிளேஸில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சிற்றறை கிடைத்தது. மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்கும் வழக்கத்தை அவர்தான் தொடங்கினார். இன்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில், மாலை வேளையில் நடக்கிறது. வரிசை எண்ணை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறார்கள். தொண்டூழியர் ஒருவர் கேட்டுக் கேட்டு மனுவைத் தட்டச்சு செய்கிறார். பிறகு உறுப்பினரோடு சில நிமிடங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்கு யாராவது மொழிபெயர்க்கிறார்கள்.

1986 செப்டம்பரில் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988 சட்டத்தால் நகர மன்றங்கள் வந்தன. பெயர் பழையது, உள்ளடக்கம் வேறு: நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலைமையில் மின்தூக்கி, தாழ்வாரம், துப்புரவு, மாதாந்திரச் சேவை, பராமரிப்புக் கட்டணம். அலுவலகம் பல இடங்களில் புளோக்கின் அடியிலேயே இருக்கிறது. தூரம் குறைந்துவிட்டது, சந்தேகமில்லை. ஆனால் மார்ஷலின் மாடிப்படி அறையிலிருந்து கீழ்த்தளம்வரை மாறாத ஒன்று உண்டு: எல்லாரும் கேட்க ஒருவர் எழுந்து பேசும் கூட்டம் இல்லை, ஒவ்வொருவராக உள்ளே போகும் வரிசைதான் இருக்கிறது.

பழைய மன்ற அறை அப்படியே இருக்கிறது. நகர மண்டபம் 2015 நவம்பரில் திறந்த தேசியக் கலைக்கூடத்தின் பகுதியாகிவிட்டது. ஓவியம் பார்க்க வருபவர்கள் அந்த அறையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஓங் ஒதுக்கிய செங்கோல் ஸ்டாம்ஃபர்ட் சாலை தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.