ஸ்ரான்போட் குழுவும் ஷோனெசியின் வியூகமும்

கல்லூரிகளின் வரலாற்றை வரைவோர் கட்டடங்களையும் அதிபர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் விரித்தெழுதி, விளையாட்டு மைதானத்தின் கதையை ஈற்றில் ஒரு பந்தியுள் அடக்கிவிடுதல் வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாறு செய்ய இயலாது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை நாடறியச் செய்வதும், பழைய மாணவரின் பணப்பையைத் திறக்கச் செய்வதும், சில வேளைகளில் அதன் தலைவரின் பதவியையே ஆட்டங்காணச் செய்வதும் உதைபந்தாட்டமேயாம். இந்நிலை கல்விக்கு ஏற்றதா என்னும் வினாவுக்கு 1939ஆம் ஆண்டின் இறுதியில் சிக்காகோப் பல்கலைக்கழகம் ஒரு விடையளித்தது. அடுத்த ஆண்டிலே கலிபோணியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் முற்றிலும் வேறொரு விடையளித்தது. இரு விடைகளுக்கும் நடுவே நின்றவர் ஒருவரே. அவர் பெயர் கிளார்க் ஷோனெசி.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நம்மவர் அறிந்த ஆட்டமன்று. அது றக்பியின் வழித்தோன்றல். பக்கத்துக்குப் பதினொருவர் நின்று, பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், நூறு யார் நீளமான களத்தில் எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதனைக் கொண்டுசேர்ப்பர். அவ்வாறு சேர்த்தால் ஆறு புள்ளிகள். பின்னர் உதைத்துப் பெறக்கூடியது இன்னுமொரு புள்ளி. பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் பத்து யாராவது முன்னேறல் வேண்டும். இன்றேல் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னர் ஆட்டம் நின்று, வீரர் அணிவகுத்து, மறுபடியும் தொடங்கும். ஆதலால் இவ்விளையாட்டில் வியூகம் என்பது வெறும் உவமையன்று. படையில் எவ்வாறோ அவ்வாறே இங்கும் அணிவகுப்பே பாதி ஆட்டம்.

ஷோனெசி 1892ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்திற் பிறந்து, அம்மாநிலப் பல்கலைக்கழகத்திற் கற்று ஆடியவர். நியூ ஓர்லியன்ஸ் நகரிலே துலேன், லொயோலா என்னும் இரு பல்கலைக்கழகங்களிலும் நெடுங்காலம் பயிற்றுநராயிருந்துவிட்டு, 1933ஆம் ஆண்டிலே சிக்காகோவுக்கு வந்தார். வந்த இடம் எளிதானதன்று. அவருக்கு முன்னர் அப்பதவியில் இருந்தவர் அமோஸ் அலொன்சோ ஸ்ராக் என்னும் பெரியார். 1892 முதல் 1932 வரை நாற்பத்தொரு பருவங்கள் அக்குழுவைப் பயிற்றியவர். அத்தகைய ஒருவர் விட்டுச்சென்ற இருக்கையில் அமர்வோர் படும் பாட்டை ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. அதற்கு மேலாக, பல்கலைக்கழகத் தலைவர் றொபேட் மேனாட் ஹச்சின்ஸ் கல்வியின் தூய்மையிற் பெரும்பற்றுடையவர். மைதானத்தின் ஆரவாரத்தை விரும்பாதவர். தகுதித் தேர்வுகள் கடுமையாயின; நல்ல ஆட்டக்காரர் வேறிடம் சென்றனர். தொடக்க ஆண்டுகளில் ஜே பேவாங்கர் என்னும் ஒப்பற்ற வீரர் ஒருவர் ஷோனெசியிடம் இருந்தார். பிற்காலத்தில் ஹைஸ்மன் விருது எனப் பெயர்பெற்ற பரிசை 1935ஆம் ஆண்டில் முதன்முதற் பெற்றவர் அவரே. அவர் போனபின் எஞ்சியது ஒன்றுமில்லை. 1939ஆம் ஆண்டிலே சிக்காகோக் குழு மிச்சிகனிடம் 85-0 எனத் தோற்றது, ஹாவாட்டிடம் 61-0, ஒகையோவிடமும் 61-0. அவ்வாண்டு டிசெம்பரில் ஹச்சின்ஸ் உதைபந்தாட்டக் குழுவையே கலைத்துவிட்டார்.

இச்செயலைக் கல்வியாளர் பலர் வியந்து போற்றினர். போற்றுதற்கு இடமுண்டு. எனினும், தோல்வியுற்ற பின்னரே இம்முடிவு வந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. வெற்றிமேல் வெற்றி குவிந்த காலத்தில் மைதானத்தை மூடியிருந்தால் அத்துறவு இன்னும் மதிப்புடையதாயிருந்திருக்கும். (அம்மைதானத்துப் பார்வையாளர் மேடையின் கீழ்ப்பகுதியிலே, 1942ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள், என்றிக்கோ பேர்மியும் அவர் குழுவினரும் அணுத் தொடர்வினையை முதன்முதல் நிகழ்த்தினர். பந்தாட்டம் ஒழிந்த இடத்தில் என்ன புகுந்தது என்பதை எண்ணுங்கால், பந்தாட்டமே பாதகமற்றது எனத் தோன்றுவதும் இயல்பே.)

கலிபோணியாவிலும் அதே 1939ஆம் ஆண்டு துன்பமாகவே கழிந்தது. ரைனி தோண்கிலின் கீழ் ஆடிய ஸ்ரான்போட் குழு ஒன்றில் மட்டும் வென்று, ஏழில் தோற்று, ஒன்றை வெற்றிதோல்வியின்றி முடித்தது. பழைய மாணவர் சினந்தனர்; பயிற்றுநர் நீக்கப்பட்டார். அவ்விடத்துக்குச் சிக்காகோவின் ஷோனெசியே நியமிக்கப்பட்டார் என்னுஞ் செய்தி வந்தபோது எழுந்த நகைப்பைக் கூற வேண்டுமா? 85-0 எனத் தோற்ற குழுவின் ஆசானைத் தேடிப்பிடித்தா அழைத்து வருவது என்பதே பேச்சாயிற்று. ஒரு மனிதனின் ஆற்றலை அவன் கைக்குக் கிடைத்த பொருளைப் பாராது பெறுபேற்றை மட்டும் கொண்டு அளக்கும் பழக்கம் எந்நாட்டிலும் உண்டு.

ஷோனெசி தம்முடன் கொண்டுவந்தது ஒரு வியூகம். அக்காலத்திற் பெருவழக்காயிருந்தது ஒற்றைச் சிறகு வியூகம். அதில், நடுவில் நிற்பவன் பந்தைத் தன் கால்களுக்கு இடையாற் பின்னோக்கி எறிவான். சில யார் தூரத்தில் நிற்கும் வீரன் அதனைப் பற்றுவான். முன்னே நிற்போர் ஒருபக்கமாகத் திரண்டு எதிரிகளை இடித்துத் தள்ளி வழிசெய்ய, அவன் ஓடுவான். வலிமையே இதன் உயிர். பந்து யாரிடம் உள்ளது என்பது அரங்கிலுள்ள சிறுவனுக்கும் தெரியும். ஷோனெசி கற்பித்ததோ ஆங்கிலத்து 'ரீ' என்னும் எழுத்தின் வடிவான வியூகம். இங்கே குவாட்டர்பாக் எனப்படுபவன் நடுவீரனின் முதுகை ஒட்டி நின்று பந்தைக் கையிற் கையாகவே வாங்குவான். அவனுக்குப் பின்னால் மூவர் குறுக்கு வரிசையில் நிற்பர். பந்தை வாங்கியவன் சுழன்று திரும்பி மூவருள் ஒருவனிடம் கொடுப்பான்; அல்லது கொடுப்பதுபோலக் காட்டித் தானே மறைத்து வைத்துக்கொண்டு எறிவான். ஆட்டம் தொடங்குமுன்பே பின்வரிசையிலொருவன் பக்கவாட்டில் ஓட, அவனைத் தொடர்ந்து எதிரியும் இடம்பெயர்வான். பெயர்ந்த இடமே வழியாகும். முன்வரிசையினர் எதிரியை நெடுநேரம் தள்ளிநிற்க வேண்டியதில்லை. ஒரு கணம் தடுத்தாற் போதும், அதற்குள் ஓடுபவன் கடந்துவிடுவான்.

இவ்வியூகம் புதியதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கொழிந்துபோன பழைய வடிவமே அது. சிக்காகோ பெயர்ஸ் என்னும் தொழில்முறைக் குழுவினர் 1930ஆம் ஆண்டு முதல் அதனைத் திருத்தி ஆடிவந்தனர். அவர்தம் தலைவர் ஜோர்ஜ் ஹலசுக்கு ஷோனெசி ஆலோசனை கூறிவந்தார். கல்லூரி மாணவர்க்கு அதனைக் கற்பிக்கலாகும் என்பதை ஒருவரும் நம்பவில்லை. ஸ்ரான்போட்டின் முன்னாட் பயிற்றுநரும் ஒற்றைச் சிறகு வியூகத்தின் தந்தையுமான பொப் வோணர், இப்பைத்தியக்கார அணிவகுப்பால் ஸ்ரான்போட் ஓராட்டத்திலாவது வெல்லுமாயின் தம் உதைபந்தாட்ட அறிவு முழுவதையும் பசிபிக் சமுத்திரத்தில் எறிந்துவிடலாம் எனக் கூறினாரென்பர்.

ஆட்டக்காரர் பெரும்பாலும் முந்திய ஆண்டில் தோற்றவரே. இவ்வரலாற்றிற் கருதத்தக்க இடம் இதுவே. பிராங்கி அல்பேட் என்னும் இடக்கை வீரன் பழைய வியூகத்திலே பந்தேந்தி ஓடும் பொறுப்பிலிருந்தவன். உருவிற் சிறியவன், விரைவும் போதாதவன். பந்தோடு எதிரிகள்மேல் மோதுதற்கு அவன் பிறக்கவில்லை. ஆனால் அவன் கைகள் செப்படிவித்தைக்காரன் கைகள். துணிவும் குறும்பும் நிறைந்தவன். ஷோனெசி அவனைக் குவாட்டர்பாக் ஆக்கினார். பெயர்ஸ் குழுவின் பேணி மாஸ்ரசனை வரவழைத்து அவனுக்குத் தனியே பயிற்சியளிப்பித்தார். பருத்த உடலினனான நோம் ஸ்ரான்ட்லீ நடுவே பாய, ஹியூ கலர்னோவும் பீற் மெற்றோவிச்சும் இருபுறமும் ஓடினர். மாணவன் மாறவில்லை, அவனை நிறுத்திய இடம் மாறியது.

பருவத்தின் முதலாட்டம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அந்நகர்ப் பல்கலைக்கழகத்தை ஸ்ரான்போட் 27-0 என வென்றது. ஓராட்டத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அடுத்து ஒறிகனை 13-0 என வென்றனர். வலிமை மிக்க சாந்தா கிளாறாவை வென்றது 7-6 என ஒரே புள்ளியால். பருவமே அந்த ஒரு புள்ளியிற் தொங்கியதென்றாலும் பொருந்தும். பின்னர் வாஷிங்ரன் அரசுக் கல்லூரி 26-14, தென் கலிபோணியா 21-7, லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம் 20-14 எனத் தோற்றன. வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தோடு ஆடியபோது மட்டும் 10-0 எனப் பின்தங்கி, இனி முடிந்தது என அனைவரும் எண்ணியிருக்க, மீண்டெழுந்து 20-10 என வென்றனர். ஒறிகன் அரசுக் கல்லூரியையும் 28-14 என வென்றபின், பரம்பரைப் போட்டியாளராகிய கலிபோணியாவை 13-7 என வென்று, ஒன்பது ஆட்டங்களிலும் தோல்வியின்றிப் பசிபிக் கரையோரப் பட்டத்தைக் கைக்கொண்டனர்.

இதனிடையே, 1940 டிசெம்பர் 8ஆம் நாள், ஷோனெசியின் உதவியோடு ஆயத்தஞ்செய்த பெயர்ஸ் குழு, தொழில்முறை இறுதியாட்டத்தில் வாஷிங்ரன் குழுவை 73-0 என வென்றது. 85-0 என்பதை நினைவூட்டி அவரை எள்ளியவர்க்கு இவ்வெண் விடையாயிற்று.

1941ஆம் ஆண்டின் முதல்நாள், பசடீனாவில், றோஸ் போல் ஆட்டம். இவ்வாட்டத்தின் தொடக்கமே ஸ்ரான்போட்டுக்கு வடுவாக அமைந்தது: 1902ஆம் ஆண்டிலே, பீல்டிங் யோஸ்ற் தம் முதற் பருவத்திற் பயிற்றிய மிச்சிகன் குழு அதனை 49-0 என வென்றிருந்தது. அதே யோஸ்ற் 1900ஆம் ஆண்டில் ஸ்ரான்போட்டின் பயிற்றுநராயிருந்தவர் என்பது மேலும் உறுத்துவது. இம்முறை எதிரி நெபிறாஸ்கா. தொடக்கத்திலேயே நெபிறாஸ்கா ஏழு புள்ளிகள் பெற்றது. கலர்னோ அதனைச் சமன்செய்தார். மெற்றோவிச் ஓர் உதையைப் பற்றத் தவறியதால் நெபிறாஸ்கா மீண்டும் 13-7 என முந்தியது. அல்பேட் எறிந்த நீண்ட பந்தைக் கலர்னோ பற்றி ஓட, இடைவேளையில் 14-13.

மூன்றாங் காற்பகுதியில் ஸ்ரான்போட் எதிரியின் கோட்டுக்கு ஒரு யார் அளவுக்கு நெருங்கியும், நெபிறாஸ்காவின் முன்வரிசை அவர்களை அசையவிடவில்லை. பந்து கைமாறிற்று. தம் வாயிலை விட்டு அபாயத்தை அகற்றக் கருதி நெபிறாஸ்காவினர் உடனே உதைத்தனர். அப்பந்தைப் பற்றியவர் முன்னர் தவறவிட்ட அதே மெற்றோவிச். இங்குமங்கும் ஒசிந்து ஏறத்தாழ 40 யார் ஓடிக் கோட்டைக் கடந்தார். முடிவு 21-13. பத்து ஆட்டங்களில் ஸ்ரான்போட் பெற்றது 196 புள்ளிகள், கொடுத்தது 85. இவ்வெண்பத்தைந்தைக் கண்டு ஷோனெசி நகைத்தாரோ அறியோம்.

தோல்வியறியாத மினசோட்டாவே அவ்வாண்டு செய்தியாளர் வரிசையில் முதலிடம் பெற்றது; ஸ்ரான்போட்டுக்கு இரண்டாமிடம். ஷோனெசி பிறந்து கற்ற மாநிலத்தின் குழுவே அவருக்கு மேலே நின்றது.

வெற்றி நீடிக்கவில்லை. 1941இல் ஆறு வெற்றியும் மூன்று தோல்வியும். அதன்பின் ஷோனெசி மேரிலாந்துக்குச் சென்றார். யுத்தகாலத்தில், 1943 முதல் 1945 வரை, ஸ்ரான்போட்டில் ஆட்டமே நடைபெறவில்லை. வியூகமோ நாடெங்கும் பரவிற்று. பழமையைப் போற்றிய நோற்றர்டாம் 1942ஆம் ஆண்டில் அதனை மேற்கொண்டது. பத்தாண்டுகளுக்குள் ஒற்றைச் சிறகு வியூகத்தைக் காண்பது அரிதாயிற்று. ஆசானுக்கு அத்தகைய வாழ்வு வாய்க்கவில்லை. ஊருக்கூராகப் பெயர்ந்து பணியாற்றி, லொஸ் ஏஞ்சலிஸ் றாம்ஸ் என்னும் தொழில்முறைக் குழுவை 1949இல் தன் பிரிவின் முதன்மைக்கு உயர்த்தியும், அடுத்த ஆண்டே நீக்கப்பட்டார். 1970ஆம் ஆண்டிற் காலமானார். அவருடைய சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1969ஆம் ஆண்டிலே, சிறிய அளவில், மாணவர் மறுபடியும் பந்தாடத் தொடங்கியிருந்தனர். ஸ்ரான்போட்டிலோ, 1940ஆம் ஆண்டுக் குழுவின் முன்வரிசையில் நின்ற சக் ரெயிலர் 1951ஆம் ஆண்டிலே தலைமைப் பயிற்றுநராகி, தம் முதற் பருவத்திலேயே அக்குழுவை மீண்டும் பசடீனாவுக்கு அழைத்துச் சென்றார்; அம்முறை இலினோயிடம் 40-7 எனத் தோற்றனர்.