பெருவழியில் சின்னஞ்சிறு பாதங்கள்

எருமேலியில் பேட்டை துள்ளி, பேரூர்த்தோட்டைக் கடந்து, காளைகட்டி, அழுதை, கரிமலை வழியாகப் பம்பையைச் சேரும் சபரிமலைப் பெருவழியில், தலையில் இருமுடி தாங்கிய தகப்பன்மாரின் விரல் பற்றி, கன்னிச்சாமிகளான சிறுவர்களும் பத்து வயது நிரம்பாத சிறுமிகளும் நடந்து செல்லும் வழக்கம் வெகுகாலமாக நிலவி வருவது. 1950-ஆம் ஆண்டு தீவிபத்தில் ஆலயம் சேதமுற்றபின், நீதிக்கட்சித் தலைவர் பி. டி. ராஜன் முதலியோர் முயற்சியால் புதிய ஐயப்ப விக்கிரகம் தமிழகமெங்கும் ஊர்வலமாக வந்ததும், இப்பக்கத்துக் குடும்பங்கள் சபரிமலையை நாடியது பன்மடங்காயிற்று.

குழந்தைகளுக்கு உகந்த இடம் அழுதை நதியே என்பேன். அதில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து, ஏற்றமெல்லாம் பத்திரமாகச் சுமந்து, ஐயப்பன் வதைத்த அரக்கி மகிஷியின் உடல் மேலெழாதிருக்கக் கல்லிடுங்குன்றில் எறிய வேண்டும் என்ற ஐதிகம், களைத்த காலுக்கு எந்த மிட்டாயும் தராத உற்சாகத்தைத் தந்துவிடுகிறது! அதற்கப்பால் வரும் கரிமலை ஏற்றமோ பெரியவர்களையே மூச்சிரைக்க வைப்பது. அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் தோளேறிவிடுவார்கள்.

பம்பை வரை மோட்டார் வாகனங்கள் செல்லத் தொடங்கியபின் பெரும்பாலோர் அக்குறுக்கு வழியையே நாடினர். ஆயினும், 1978-இல் புலிகள் காப்பகமான பெரியாறு வனத்தினூடே, மண்டல, மகரவிளக்குக் காலங்களில் பெருவழியிலும் யாத்திரிகர்கள் நடந்தே செல்கின்றனர்.