கூம்பைத் திறக்கத் தெரிந்தவர்கள்

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போய்வந்த வீடுகளில், ஷோகேஸில் ஒரு பைன் கூம்பு இருக்கும். சிலர் அதற்குத் தங்க வண்ணமும் அடித்திருப்பார்கள். நமக்கு அது அலங்காரப் பொருள், அவ்வளவுதான். ஐரோப்பியக் கிராம வீடுகளில் அது அடுப்படிச் சாமான். அடுப்பு பற்றவைக்க, மழை வருமா என்று பார்க்க, பிள்ளைகள் விளையாட, உள்ளேயிருக்கும் பருப்பைச் சாப்பிட, கடைசியில் ஒரு காட்டையே உண்டாக்க அதைப் பயன்படுத்தினார்கள். இதில் பாதிப் பயன்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு நுட்பம்: கூம்பு செத்த பிறகும் திறந்து மூடும்.

கூம்பின் ஒவ்வொரு செதிலும் இரண்டு அடுக்குகளால் ஆனது. வெளி அடுக்கு ஈரம் பட்டால் நீளும். உள் அடுக்கு அவ்வளவாக நீளாது. அதனால் ஈரக்காற்றில் செதில் உள்நோக்கி வளைந்து மூடிக்கொள்ளும், காய்ந்தால் வெளிநோக்கி விரியும். உயிருள்ள செல் ஒன்றுகூட இதில் வேலை செய்வதில்லை. பேட்டரி இல்லாத சென்சார், மோட்டார் இல்லாத கதவு. மரத்துக்கு இதனால் என்ன லாபம்? விதைக்குச் சிறகு உண்டு. மழையில் விழுந்தால் காலடியிலேயே கிடக்கும், காய்ந்த காற்றில் விழுந்தால் தூரம் பறக்கும். ஷோகேஸ் கூம்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மூடிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் மறுபடி விரியும். ஜன்னலில் கூம்பைத் தொங்கவிட்டு வானிலை பார்த்தவர்கள் நம்பியது இந்த நுட்பத்தைத்தான்.

பின்லாந்தில் பிள்ளைகள் கூம்பில் நான்கு குச்சிகளைச் செருகி மாடு செய்வார்கள். ஸ்ப்ரூஸ் மரத்தின் நீளமான கூம்பு மாடு, பைன் மரத்தின் குட்டைக் கூம்பு ஆடு. மத்தியதரைக் கடல் பக்கம் விளையும் கல்பைன் கூம்பைச் சூடு காட்டித் திறந்து, ரோமானியர்கள் பருப்பெடுத்துத் தின்றார்கள். அந்த மரம் பிரிட்டனில் இயற்கையாக வளர்வதில்லை. ஆனாலும் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கேரோபர்க்கில், மித்ராஸ் கோயிலைத் தோண்டியபோது கருகிய கல்பைன் கூம்புகள் கிடைத்தன. நம் ஊரில் சாம்பிராணி போல, வாசனைக்காகப் பலிபீடத்தில் எரித்தவை. தூர தேசத்து எல்லைக்காவலுக்குப் போன சிப்பாய்களுக்காகக் கூம்பும் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

*

இதையெல்லாம்விடப் பெரிய கதை ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்துடையது.

14ஆம் நூற்றாண்டு நூரம்பெர்க், உலோக வேலைக்குப் பெயர் போன ஊர். கொல்லுப்பட்டறைக்குக் கரி வேண்டும், வீடு கட்ட மரம் வேண்டும், குளிருக்கு விறகு வேண்டும். எல்லாமே நகரைச் சுற்றியிருந்த ரைக்ஸ்வால்ட் காட்டிலிருந்து வந்தது. வெட்டி வெட்டிக் காடு வெளுத்துப்போனது. 1368இல் பீட்டர் ஸ்ட்ரோமர் என்ற வணிகர், அந்த வெற்றிடத்தில் ஊசியிலை மர விதைகளைத் தூவி வளர்த்துக் காட்டினார். விதைத்துக் காடு வளர்க்க முடியும் என்பதற்கு ஐரோப்பாவில் நமக்குத் தெரிந்த பழைய சான்றுகளில் முக்கியமானது இது. பிறகு அது நூரம்பெர்க்காரர்களின் தொழிலாகவே ஆனது. மற்ற ஊர்க்காரர்கள் அவர்களிடம் விதை வாங்கினார்கள், விதைக்கவும் அவர்களையே கூப்பிட்டார்கள்.

ஏன் கூப்பிட வேண்டும்? கூம்பு காட்டில் சும்மா கிடக்கிறதே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கீழே விரிந்து கிடக்கும் கூம்பு காலி. விதை வேண்டுமென்றால் குளிர்காலத்தில், மூடியிருக்கும்போதே மரத்திலிருந்து பறிக்க வேண்டும். பறித்ததை வெயிலில் அல்லது கணப்படுப்பின் மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். பிற்காலத்தில் இதற்கென்றே தனி உலர்த்தும் வீடுகள் வந்தன. சூடு குறைந்தால் கூம்பு திறக்காது, கூடினால் விதை செத்துவிடும். இந்த வேலைக்கு ஜெர்மன் மொழியில் ‘கிளெங்கென்’ என்று பெயர், ஒலிக்கச் செய்தல் என்று அர்த்தம். சூட்டில் செதில்கள் சடசடவென்று வெடித்து விரியும் சத்தத்திலிருந்து வந்த சொல். விதையை உதிர்த்து, சிறகைத் தேய்த்து நீக்கி, மூட்டை கட்டுவார்கள். காலிக் கூம்பு வீணாகாது. அடுத்த ஈட்டுக் கூம்பைக் காயவைக்க அதுதான் விறகு.

*

இங்கே கதை முடிந்தால் நல்ல சூழலியல் நீதிக்கதை. ஆனால் முடியவில்லை.

ஓக் மரத்தின் விதை காய்ந்தால் செத்துப்போகும், நாள்பட வைத்திருக்க முடியாது. பைன் விதையோ உலர்வாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். எடை குறைவு, மூட்டையில் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். மணல் மண்ணிலும் முளைக்கும். ஆக, எந்த மரம் நடுவது என்ற கேள்விக்குக் கூம்பே பதில் சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. மென்பொருளில் தினமும் பார்க்கிற விஷயம்தான் இது. கைக்கு வசதியான கருவி எதுவோ, அதற்கேற்ற மாதிரியே நாம் பிரச்சினையைப் புரிந்துகொள்கிறோம். எதைச் சேமித்து விற்க முடிந்ததோ, அது காடானது.

அகலிலை மரங்களும் கலந்திருந்த ரைக்ஸ்வால்ட், காலப்போக்கில் பெரும்பாலும் பைன் காடாக மாறியது. உள்ளூர்க்காரர்கள் அதைக் கேலியாகக் ‘குச்சிக்காடு’ என்றார்கள். 1890களில் பைன் ஊசியிலையைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் பெருகி, பெரும்பரப்பை மொட்டையடித்தன. ஒரே சாப்பாடு மைல்கணக்கில் பரிமாறி வைத்தால் விருந்தாளி வரத்தானே செய்வார்? இன்று அங்கே மறுபடி அகலிலை மரங்களைக் கலந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஷோகேஸ் கூம்பும் இதே வழியில் வந்ததுதான். நீலகிரியிலும் பழனி மலையிலும் நாம் புகைப்படம் எடுக்கும் பைன் மரங்களில் பல, மெக்சிகோவைச் சேர்ந்த பட்டுலா பைன். விதையாக வந்து, சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளில் நடப்பட்டவை. வெறும் புல்தானே, மரம் வந்தால் நல்லதுதானே என்று நினைத்தார்கள். மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதும் வரையாடு மேய்வதும் அந்தப் புல்லில்தான். பட்டுலா பைனின் கூம்புகள் பல வருஷம் மூடியபடியே மரத்தில் ஒட்டியிருக்கும். காட்டுத்தீயின் சூட்டில் பிசின் உருகித் திறந்து, எரிந்த மண்ணில் விதையைக் கொட்டும். எங்கே முளைக்கலாம் என்று நம்மிடம் கேட்காது.

ஸ்ட்ரோமரைக் குறை சொல்லவில்லை. வெட்டிய இடத்தில் திரும்ப வளர்க்க வேண்டும் என்று யோசித்ததே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். கூம்பைத் திறக்க நாம் கற்றுக்கொண்டு அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கே திறக்கக் கூடாது என்பதை இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறோம்.