உண்ணத் தகுந்த அழகு: டாலியின் ‘காலாவின் விருந்துகள்’

இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியர்களுள் உணவைத் தம் கலையின் நடுநாயகமாக வைத்தவர் யார் என்று கேட்டால், ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியப் பகுதியில் ஃபிகெரெஸ் என்னும் ஊரில் 1904-ஆம் ஆண்டு பிறந்த சல்வடோர் டாலியின் பெயரையே முதலில் சொல்ல வேண்டும். ரொட்டி, முட்டை, சிங்கி இறால், பாலாடைக்கட்டி, அவித்த அவரை ஆகியன அவருடைய படைப்புகளில் அரை நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து இடம்பெற்றன. அந்த நெடிய ஈடுபாடு 1973-ஆம் ஆண்டில், டாலிக்கு 69 வயது நடந்தபோது, பொன்னிற மேலுறையோடு கூடிய பெரிய அளவு நூல் ஒன்றாக வெளிவந்தது. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற திரேகெர் அச்சகத்தார் வெளியிட்ட அந்நூலின் பெயர் ‘லே தினே த காலா’, அதாவது ‘காலாவின் விருந்துகள்’. 12 அத்தியாயங்களில் 136 உணவு வகைகளின் செய்முறைகளைத் தரும் அந்நூல், பெயரளவில் சமையல் நூலே ஆயினும், டாலியின் பிற்காலப் படைப்புகளுள் முதல் வரிசையில் வைத்து ஆராயத்தக்கது.

அந்நூலின் தன்மையை உணர அது பிறந்த கலைக்கொள்கையைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். சர்ரியலிசம் எனப்படும் மீயதார்த்தவாதம், 1924-ஆம் ஆண்டு பாரிஸில் ஆந்திரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையோடு ஓர் இயக்கமாக உருப்பெற்றது. கனவிலும் அடிமனத்திலும் புதைந்து கிடப்பவற்றை, அறிவின் தணிக்கைக்கும் ஒழுக்கத்தின் தணிக்கைக்கும் உட்படுத்தாமல் வெளிக்கொணர்வதே கலையின் பணி என்று கருதிய அவ்வியக்கத்தார், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, அச்சேர்க்கையிலிருந்து எழும் அதிர்ச்சியை அழகின் ஊற்றாகக் கொண்டனர். 1929-இல் அவ்வியக்கத்தில் சேர்ந்த டாலி, ஒரே உருவத்தில் பல உருவங்களைக் காணும் பித்த மனநிலையை வேண்டுமென்றே தமக்குள் வரவழைத்துக்கொண்டு, அதில் தோன்றும் காட்சிகளை நுணுக்கமான மரபு ஓவியத் திறனால் தீட்டும் முறையை வகுத்து, அதற்குப் ‘பித்த விமரிசன முறை’ என்று பெயரிட்டார்.

டாலியின் சிந்தனையில் வாய்க்கும் தாடைக்கும் இருந்த இடம் பெரிது. 1933-இல் ‘மினோதோர்’ என்ற இதழில், கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி முதலியோரின் வளைந்து நெளியும் கட்டடங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அழகு என்பது உண்ணத் தகுந்ததாக இருத்தல் வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. 1942-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், ஆறு வயதில் தாம் சமையற்காரராக விரும்பியதாகக் குறிப்பிடும் அவர், பசலைக்கீரையைத் தாம் வெறுப்பதற்குக் காரணம் அதற்குத் திட்டமான வடிவம் இல்லாமையே என்றும், ஓடுடைய கடலுணவுகளைத் தாம் போற்றுவதற்குக் காரணம் அவை தம் எலும்பை வெளியே கவசமாக அணிந்து மென்மையை உள்ளே காத்துக்கொள்வதே என்றும் விளக்குகிறார். இவ்விளக்கத்தை ஒரு விசித்திர மனிதரின் வாய்வீச்சு என்று தள்ளிவிடுதல் தவறு. கடினத்துக்கும் மென்மைக்கும் இடையேயான இந்த இழுபறியே அவருடைய ஓவியங்கள் பெரும்பாலானவற்றின் உயிர்நாடியாகும். 1931-இல் தீட்டப்பட்ட ‘நினைவின் நிலைபேறு’ என்னும் ஓவியத்தில் உருகி வழியும் கடிகாரங்கள், உணவுக்குப் பின் கனிந்து இளகியிருந்த கமம்பேர் பாலாடைக்கட்டியைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தபோது தமக்குத் தோன்றின என்று டாலியே கூறியுள்ளார்.

உண்ணுதலை இன்பமாக மட்டும் அவர் கண்டதில்லை. மனைவி காலாவின் தோளில் இரண்டு ஆட்டிறைச்சித் துண்டுகளை வைத்து 1933-இல் அவர் தீட்டிய உருவப்படத்தில் காதலும் பசியும் ஒன்றாகின்றன. ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்ட 1936-ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘அவித்த அவரையுடன் மென்கட்டுமானம்’ என்ற ஓவியத்தில், தன்னைத் தானே பிய்த்துக்கொள்ளும் பேருருவம் ஒன்றின் காலடியில் அவரை விதைகள் சிதறிக் கிடக்கின்றன. அதே ஆண்டின் ‘இலையுதிர்கால நரமாமிசம்’ என்ற ஓவியத்தில் இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று கரண்டியாலும் கத்தியாலும் உண்கின்றன. ஒரு நாடு தன்னையே தின்னும் கொடுமையைச் சொல்வதற்கு உணவு மேசையைக் காட்டிலும் பொருத்தமான களம் அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த ஓவியத்தின் பெயரையே, 37 ஆண்டுகள் கழித்து, தம் சமையல் நூலில் முட்டைக்கும் கடலுணவுக்கும் உரிய அத்தியாயத்தின் தலைப்பில் அவர் எடுத்தாண்டார் என்பது கருதத்தக்கது.

கலைஞர்கள் சமையலில் தலையிடுவது டாலியோடு தொடங்கியதன்று. பழங்களையும் காய்கறிகளையும் அடுக்கி மனித முகங்களைத் தீட்டிய பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்தோவை மீயதார்த்தவாதிகள் தம் முன்னோடியாகவே கொண்டாடினர். எந்திரத்தையும் வேகத்தையும் போற்றிய எதிர்காலவாத இயக்கத்தின் தலைவரான மரினெத்தி, 1932-இல் ‘எதிர்காலவாதச் சமையல்’ என்ற நூலை வெளியிட்டு, பாஸ்தா இத்தாலியரைச் சோம்பேறிகளாக்குகிறது என்று சாடி, பழைய சமையல் முழுவதையும் ஒழித்துக்கட்ட அறைகூவினார். டாலி சென்ற வழி இதற்கு நேர் எதிரானது. அவர் பிரெஞ்சு உயர்குடிச் சமையலின் பழம் மரபை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதன் ஆடம்பரத்தைக் கனவின் எல்லை வரை நீட்டினார்.

இந்நூலின் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. இதிலுள்ள செய்முறைகள் கற்பனையானவை அல்ல. மாக்சிம்ஸ், லாசேர், லா தூர் தார்ழான், லியோன் ரயில் நிலைய உணவகம் ஆகிய பாரிஸின் பெயர்பெற்ற உணவகங்களின் தலைமைச் சமையற்கலைஞர்கள் இந்நூலுக்குத் தம் செய்முறைகளை வழங்கினர். நத்தை அடைத்த கன்றிறைச்சி, தவளை இறைச்சிப் பணியாரம், சிறகுகளோடு அணிசெய்து பரிமாறப்படும் மயில், ஆட்டு மூளையும் வெண்ணெய்ப்பழமும் சேர்த்த ரொட்டி என்று இக்கால வாசகர் பலருக்கு அருவருப்பும் வியப்பும் தரக்கூடிய உணவுகளும்கூட, அளவும் நேரமும் குறித்து, தேர்ந்த சமையலறைகளுக்குரிய ஒழுங்கோடு எழுதப்பட்டுள்ளன. அத்தியாயத் தலைப்புகளோ பித்தனின் பிதற்றல் போல ஒலிப்பவை. காய்கறிகளுக்கு மரபணு மூலக்கூறின் பெயரும், பன்றியிறைச்சிக்கு அரைத்தூக்கத்தில் கிடக்கும் மென்கடிகாரங்களின் பெயரும், நத்தைக்கும் தவளைக்கும் ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. தலைப்பின் கட்டற்ற கனவும் செய்முறையின் கட்டுக்கோப்பும் ஒரே பக்கத்தில் எதிர்ப்படும்போது, மீயதார்த்தவாதம் நாடிய அந்தப் பொருந்தாச் சேர்க்கை நிகழ்ந்துவிடுகிறது.

படங்களிலும் இதே முறை செயல்படுகிறது. உணவுகளைப் படையல் போல அடுக்கி எடுத்த வண்ணப் புகைப்படங்கள், டாலி பழைய அச்சோவியங்களை வெட்டி ஒட்டி அவற்றின்மேல் வண்ணம் தீட்டி உருவாக்கிய ஒட்டோவியங்கள், அவருடைய பழைய ஓவியங்களிலிருந்து எடுத்த பகுதிகள் ஆகியன மாறி மாறி வருகின்றன. இவற்றுள் பெரிதும் பேசப்படுவது எக்ரெவிஸ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறால்களைக் கோபுரமாக அடுக்கிய ஓர் உணவுக்குரிய படம்; சிவந்த இறால் குவியலின் உச்சியிலிருந்து, கைகள் வெட்டுண்ட பெண்ணுருவம் ஒன்று எழுகிறது. உயிர் ஒன்றைக் கொன்றே விருந்து படைக்கப்படுகிறது என்ற உண்மையைச் சாதாரணச் சமையல் நூல்கள் பளபளப்பான படங்களால் மூடிவிடுகின்றன. டாலியின் நூல் அதே பளபளப்பைக் கையாண்டே அந்த உண்மையை வாசகரின் கண்முன் நிறுத்துகிறது. அந்த இறால் உணவின் செய்முறையைக் கொடுத்த சமையற்கலைஞர் பின்னர் அதன் துல்லியமான விவரங்களை இரகசியமாகவே வைத்துக்கொள்ள விரும்பியதாகவும், எனினும் வாசிப்பின் இன்பத்துக்காக அது அச்சிடப்படுவதாகவும் நூலில் ஒரு குறிப்பு உள்ளது. சமைக்க இயலாத ஒரு செய்முறையைச் சமையல் நூலில் வாசிப்புக்காகவே சேர்த்த இச்செயல், நூல் முழுவதையும் எப்படி அணுக வேண்டும் என்பதற்குத் திறவுகோலாகிறது.

நூல் வெளிவந்த காலமும் கவனத்துக்குரியது. உடல் எடையைக் கருதிக் கலோரி கணக்குப் பார்ப்பவர்களுக்கு இந்நூல் உகந்ததன்று என்று டாலி தொடக்கத்திலேயே எச்சரித்துவிடுகிறார். அதே 1973-ஆம் ஆண்டில்தான் பிரான்சின் உணவு விமரிசகர்களான கோ, மியோ இருவரும் ‘புதிய சமையல்’ என்ற கொள்கையை அறிவித்து, கனத்த குழம்புகளைக் கைவிடவும், சமைக்கும் நேரத்தைக் குறைக்கவும், பொருள்களின் இயல்பான சுவையைக் காக்கவும் வலியுறுத்தினர். பிரெஞ்சுச் சமையல் எளிமையை நோக்கித் திரும்பிய அந்த வேளையில், வெண்ணெயும் மதுவும் வழியும் பழைய விருந்து மரபுக்குப் பொன்னுறையிட்ட நினைவுச்சின்னம் ஒன்றை டாலி எழுப்பினார் எனலாம்.

நூல் யாருடைய பெயரைத் தாங்கியுள்ளதோ அந்தக் காலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரஷ்யாவின் கசான் நகரில் பிறந்த எலேனா தியகோனோவா என்னும் அவர், கவிஞர் போல் எலுவாரின் மனைவியாக இருந்தபோது, 1929-இல் கடகேஸ் என்ற கடற்கரை ஊரில் டாலியைச் சந்தித்து, பின்னர் அவருடைய வாழ்க்கைத் துணையாகவும் மாதிரியாகவும் வணிகப் பொறுப்பாளராகவும் ஆனார். இருவரும் அளித்த விருந்துகள் நாடகங்களை ஒத்தவை. 1941-இல், போரினால் அகதிகளான கலைஞர்களுக்கு நிதி திரட்டக் கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில் நடந்த விருந்தில், காலா மேசையின் தலைமாட்டில் கட்டிலில் சாய்ந்தபடி வீற்றிருக்க, மீன் உணவு பட்டுக் காலணிகளில் பரிமாறப்பட்டது. மூடிய தட்டொன்றைத் திறந்தபோது உயிருள்ள தவளைகள் குதித்தன. 1973-ஆம் ஆண்டிலோ நிலைமை வேறு. டாலி வாங்கிக் கொடுத்த பூபோல் கோட்டையில் காலா தனியே தங்குவதும், எழுத்து மூலம் அழைத்தால் மட்டுமே டாலி அங்குச் செல்வதும் வழக்கமாகிவிட்டிருந்தன. காமத்தைத் தூண்டும் உணவுகளுக்கான பத்தாம் அத்தியாயத்துக்கு ‘நான் காலாவை உண்கிறேன்’ என்ற பொருளில் தலைப்பிட்டவர், மனைவியின் வாயிலில் அனுமதிக்குக் காத்திருந்த கணவர் என்பதை நினைவிற்கொண்டால், அத்தலைப்பின் துணிச்சலுக்கு அடியில் ஏக்கமும் புலப்படும். இறைவனின் உடலை அப்பமாக உண்டு அவரோடு ஒன்றாகும் கத்தோலிக்கச் சடங்கில் டாலிக்கு இருந்த ஈடுபாடும் அத்தலைப்பில் கலந்திருக்கிறது.

டாலியின் மீதான குற்றச்சாட்டுகள் இந்நூலுக்கும் பொருந்தக்கூடியவையே. பணத்தாசை பிடித்தவர் என்று பிரெத்தோன் அவரை நெடுநாள் முன்னரே இகழ்ந்தார். 1968-இல் லான்வின் சாக்லேட் விளம்பரத்தில் நடித்ததும், 1969-இல் சுப்பா சுப்ஸ் மிட்டாய்க்குச் சின்னம் வரைந்து கொடுத்ததும் அவ்விகழ்ச்சிக்கு வலுச் சேர்த்தன. ஸ்பெயினை ஆண்ட ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தை அவர் வெளிப்படையாகப் பாராட்டியது மன்னிக்கத் தகாதது. போரின் பசியை அவ்வளவு கூர்மையாகத் தீட்டிய கை, அப்போரில் வென்ற கொடுங்கோலருக்கு வாழ்த்து எழுதியது என்ற வேதனை அவரைப் பயில்வோரை விட்டு நீங்காது. நூலிலுள்ள படங்கள் சிலவற்றில் பழைய உருவங்களே புதுமையின்றித் திரும்ப வருகின்றன என்பதும் உண்மை. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், வாழ்நாள் முழுதும் வளர்த்த ஒரு கருத்துக்கு அதற்கே உரிய வடிவத்தைக் கண்டடைந்த படைப்பு என்ற வகையில் இந்நூல் உயர்ந்தே நிற்கிறது. உலகை அறியும் கருவி தாடையே என்று நம்பிய ஒருவருக்கு, கண்ணுக்கு மட்டும் உரிய ஓவியத் திரையைக் காட்டிலும், கண் பார்த்து நா ஊறும் சமையல் நூலே நிறைவான களமாக அமைந்தது.

நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே ஃபிகெரெஸ் நகரில் திறக்கப்பட்ட டாலி அரங்க அருங்காட்சியகத்தின் உச்சியில் பேருருவ முட்டைகள் வரிசையாக நிற்க, சுவரெங்கும் ரொட்டி உருவங்கள் பதிக்கப்பட்டன. 1977-இல் மதுவகைகளைப் பற்றிய ‘காலாவின் மதுக்கள்’ என்ற இணை நூலும் வெளிவந்தது. காலா 1982-லும் டாலி 1989-லும் மறைந்தனர். பல ஆண்டுகள் பழம்பொருள் சேகரிப்பாளர்களிடம் மட்டுமே இருந்த ‘காலாவின் விருந்துகள்’, 2016-இல் ஜெர்மனியின் டாஷென் பதிப்பகத்தாரால் மறுபதிப்புச் செய்யப்பட்டதால், இன்று பொதுவாசகருக்கும் எட்டக்கூடியதாக உள்ளது. அதைக் கையில் எடுக்கும் வாசகர்கள் படங்களைப் புரட்டியதோடு நிறுத்திவிடாமல் செய்முறைகளையும் வரிவரியாக வாசிக்க வேண்டும். டாலியின் கலையில் பாதி அவற்றில்தான் இருக்கிறது.