எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. எழுபதுகளில் நான் எழுத்தராகச் சேர்ந்தபோது மேசைக்கு வந்த கோப்பெல்லாம் ஆங்கிலம்தான்.

ஒருநாள் ஊழியர் குடும்ப உதவித்தொகை பற்றிய சுற்றறிக்கையை ஸ்டென்சிலில் அடித்தேன். 'எம்ப்ளாயீஸ்' என்ற சொல்லில் அப்பாஸ்ட்ரஃபியை எஸ்ஸுக்கு முன்னால் போட்டுவிட்டேன், அதுவும் எல்லா இடத்திலும். சூப்பரின்டெண்டென்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஏம்ப்பா, நம்ம ஆபீசுல ஒரே ஒரு ஊழியர்தானா?" என்றார். புது ஸ்டென்சில் எடுத்து முழுவதும் திரும்ப அடித்தேன்.

என் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. பிரெஞ்சில் அந்தக் குறி, எழுத்து விழுந்த இடத்தைக் காட்டும், உடைமையைக் காட்டாது. 'லெ', 'அமி' இரண்டும் சேர்ந்தால் 'லாமி'. விழுந்த உயிரெழுத்தின் இடத்தில் குறி. உடைமைக்கு 'தெ' என்ற தனிச் சொல் இருக்கிறது.

பிறகு படித்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. 1529-இல் பாரிஸில் ழொஃப்ருவா தோரி இந்தக் குறியைப் பரிந்துரைத்தார். அதே நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கும் போனது. அங்கும் முதல் வேலை, விழுந்த எழுத்தைக் காட்டுவதுதான். பழைய ஆங்கிலத்தில் உடைமைக்கு 'இ-எஸ்' என்ற விகுதி இருந்தது. அந்த 'இ' மறைந்த இடத்தில் குறி உட்கார்ந்தது. பன்மையில் அப்படி விழுந்த எழுத்து ஏதுமில்லை. அதனால்தான் எஸ்ஸுக்குப் பின்னால் போடும் வழக்கம் நிலைக்க, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியும் 19-ஆம் நூற்றாண்டும் ஆயின.

எனக்கு வழிகாட்டியது தமிழ். 'ஊழியர்களின்' என்பதில் முதலில் 'கள்', அப்புறம் 'இன்'. ஆங்கிலத்திலும் முதலில் பன்மையை முடித்துவிட வேண்டும், பிறகு குறி. பன்மை எஸ்ஸில் முடிந்தால் குறி மட்டும் போதும். 'சில்ட்ரன்', 'விமன்' போல எஸ் இல்லாத பன்மை என்றால் குறியும் எஸ்ஸும் வேண்டும்.

அமெரிக்காவில் அன்னையர் தினத்தைத் தொடங்கிய அன்னா ஜார்விஸ், குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார் எல்லோருக்குமான நாளாக அவர் அதை நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் தாயை நினைக்கும் நாள் அது. 1914-இல் அது அரசு அறிவித்த நாளானது.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு ஆங்கிலப் பலகை எழுதியபோது, பெயின்டர் குறியை எஸ்ஸுக்கு முன்னால் போட்டிருந்தார். அழித்துப் பின்னால் போடச் சொன்னேன். சங்கம் ஒருவருக்கு உரியதல்லவே! அந்த சூப்பரின்டெண்டென்ட் இன்று இல்லை. இருந்திருந்தால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத் தலையாட்டியிருப்பார்.